கனவில் பிரித்த விரல்கள்

போன வருட வெள்ளத்தில், ஆட்கள் நிறைந்த ஒரு படகின் விளிம்பைப் பற்றிக்கொண்ட செவ்வந்தியை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவள் ஆற்றோடு போனாள். அவள், வேறொரு படகை ஓட்டும் மாரப்பனின் ஒரே மகள். அந்தப் படகில் தானும் இருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவதாக, ஒரு மதியத் தூக்கத்தில் பிக்கு தருமசேனர் கனவு கண்டார்.

“கனவில் செய்தது குற்றமாகாது, பிக்குகளுக்கான விதியே அப்படித்தான் சொல்கிறது” என்றார்கள் விகாரையின் மற்ற பிக்குகள். அவரோ எழுந்து, வெயிலில் துறைக்கு நடந்துபோய், மாரப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

மாரப்பன் துடுப்பைக் கீழே வைத்தான். “அன்னிக்கு நீங்க அந்தப் படகுலயே இல்லையே சாமி.”

“இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு தெரிஞ்சுபோச்சுப்பா.”

அந்தப் படகில் வந்த பதினொரு பேரும் இன்றுவரை மாரப்பனின் படகில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள். அவளைப் பற்றி ஒருவர்கூட அவனிடம் வாய் திறந்ததில்லை. மாரப்பன் பிக்குவைக் கும்பிட்டான். மகள் போனபின் முதல்முறையாக அழுதான்.

“சாமி, கனவுல எம் பொண்ணு ஏதாச்சும் சொன்னாளா?”

தருமசேனர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்.