பத்து மணிச் சிவப்பு

தாடையைச் சீர்செய்த அறுவை சிகிச்சையில் கயலுக்குப் பொருத்திய தகடு, தன்மேல் விழும் அழுத்தத்தை நாள்தோறும் மருத்துவமனைக்குச் சொல்லிவிடும்; அழுத்தம் கூடினால் அவள் போனும் சிவப்பாக மின்னும், குறைந்தால் பச்சையாகும்.

“காலையில பத்து மணிக்கு அப்படி என்னம்மா கடிக்கிறீங்க?” என்று டாக்டர் ஜெசிந்தா போனில் கேட்டார். “திருகு தளர்ந்துடும். அப்புறம் திரும்ப ஆபரேஷன்தான்.”

“வெறும் கஞ்சிதான் டாக்டர். பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங்.”

“அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காராதீங்க. வாயைத் திறந்து சொல்லிடுங்க.”

மறுநாளும் மேலாளர் பாஸ்கரன், கயல் வரைந்த பாலத்தின் வரைபடத்தைக் கொஞ்சமும் கூசாமல் தன்னுடையது என்று காட்டினார். மேசையிலிருந்த அவள் போன் சிவப்பாக மின்னியது.

“சார், அதை வரைஞ்சது நான்.”

பாஸ்கரன் தண்ணீர் குடித்தார். போன் பச்சைக்குத் திரும்பியது.

மாலையில் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது: “தகடு அசையவே இல்ல. நாளையிலிருந்து இட்லி சாப்பிடலாம்.”