இருமல் குறைந்த வீடு

நகரத்திலிருந்து கடைசிக் கிராமம்வரை ஒரு காசநோயாளிகூட விடுபடக் கூடாது என்று, மைக்கே இருமும்படி முழங்கினார் அதிகாரி. கைதட்டல் ஓய்ந்ததும் நர்ஸ் ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஊர்க்கோடி வீட்டுக்காரர் போன மழையிலயே செத்துட்டாரு சார். ஆனா கட்டில்ல இருமல் மட்டும் கேக்குது.”

“இருமுறாரு இல்ல? அப்ப மருந்து குடு. முழுங்குறதக் கண்ணால பாத்துட்டு வா. அதான் சட்டம்.”

நர்ஸ் தினமும் காலையில் போனார். தலையணைமேல் வைத்த மாத்திரை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். டம்ளரில் தண்ணீரும் குறையும். வாரங்கள் போகப் போக இருமல் இளைத்தது. அதற்கு அதிகாரி ஒரு கூட்டம் போட்டுத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார்.

ஒரு நாள் செத்தவரின் மனைவி வாசலை மறித்து நின்றார்.

“இனிமே மாத்திரை வேண்டாம் நர்ஸம்மா.”

“பாதியில நிறுத்துனா இருமல் திரும்ப வந்துடும்க்கா.”

“வரட்டும். நேத்து ராத்திரி ஒரு தடவகூட இருமல. எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல.”

நர்ஸ் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே காலிக் கட்டில் மெல்ல முனகியது. யாரோ சுவரோரம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டதுபோல விரிப்பு சுருங்கியது.