சேஷனின் கலந்துரையாடல் வகுப்பு

"வந்துட்டார்! கார் வந்து நின்னுடுத்து!" என்று ஜலஜா சமையலறை ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் வெள்ளை அம்பாசடர். ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் பளபளவென்று புதுப் பேனா. இன்ஸ்பெக்டர்தான் என்று சேஷன் வாசலுக்குப் பறந்தார்.

பறக்காமல் என்ன செய்வார்? வீட்டு முன்னறையில் முதியோர் கல்வி நிலையம் நடத்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மேலதிகாரி அசாம் மூலையிலிருக்கும் சில்சாருக்கு வந்த அவருடைய மாற்றலை நிறுத்தி வைத்திருந்தார். இன்றைக்கு நிலையத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டால் சேஷன் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெண்ணுக்குப் பரீட்சை வருஷம், நான் டில்லியை விட்டு நகரமாட்டேன் என்று ஜலஜா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சில்சாரில் தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும்.

நிலையம் ஆரம்பத்தில் ஜோராகத்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் பாப்பம்மாள் முதல் பால்காரர் வரை பாய் கொள்ளாத கூட்டம். ஆனால் அரசாங்கம் கொடுத்த கையேட்டில், 'எடுத்தவுடன் எழுத்தைத் திணிக்காதீர்; படத்தைக் காட்டிக் கலந்துரையாடச் செய்வீர்' என்று போட்டிருந்தது. சேஷனா கையேட்டை மீறுகிற ஆள்? மாடு படம், மரம் படம், அடுப்பு படம் என்று மாட்டி மாட்டிப் பேச வைத்தார். "அ, ஆ எப்ப சாமி?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பாப்பம்மாள் நின்றுவிட்டாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

அதனால் இன்று பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இரவல். ஆடிட் ஆபீஸ் வைத்தி லுங்கியும் தலைப்பாகையுமாக இருந்தார். பி.எஸ்ஸி. படித்த அனந்தலக்ஷ்மி மாமி வைரத்தோட்டைக் கழற்றிவிட்டு ஜலஜாவின் பழைய நூல்புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாடிவீட்டு ராஜம் டீச்சர், வாயைத் திறந்தால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று பயந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தாள்.

வந்தவர், வாசலில் தொங்கிய பெரிய பெயர்ப்பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு கேட்டார்: "ஏனுங்க, இங்கதானுங்களா படிப்புச் சொல்லித் தர்றது?"

சேஷன் ஒரு தரம் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். என்ன குத்தல், பார்த்தீர்களா! "வாங்கோ சார், வாங்கோ! உங்களைத்தான் எதிர்பார்த்துண்டிருக்கோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நானும் கீழயே உக்காந்துக்கறனுங்க."

"சேச்சே, நன்னாயிருக்கே!" வந்தவரின் தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார். எவ்வளவு பெரிய பதவி, எவ்வளவு எளிமை என்று உருகவும் செய்தார்.

அடிபம்பில் ஒரு பெண் தண்ணீர் பிடிக்கிற படத்தை மாட்டிவிட்டு, "இந்தப் படத்துல என்ன தெரியறது? எல்லாரும் தைரியமாப் பேசுங்கோ" என்றார்.

வைத்தி தொண்டையைச் செருமினார். "தண்ணிப் பஞ்சம் தெரியறது. பர் கேபிட்டா பார்த்தோம்னா..."

சேஷன் இருமினார்.

"...பரமசிவன் விட்ட வழிதான்" என்று வைத்தி சமாளித்தார்.

"பரமசிவனை ஏன் இழுக்கறேள்?" என்று அனந்தலக்ஷ்மி மாமி கிளம்பினாள். "காத்தால எங்காத்துக் குழாய்ல சொட்டுத் தண்ணி வரதில்லே. மாடில இருக்கறவா மோட்டார் போட்டு உறிஞ்சிடறா!"

ராஜம் வெற்றிலையை விழுங்கிவிட்டாள். "யாரைச் சொல்றேள்? டிரம் டிரம்மாப் பிடிச்சு வெச்சுக்கறது நீங்க, பேச்சு எங்களையா?"

"யார் பிடிச்சா? வந்து பாருங்கோ!"

"இப்பவே வரேன், நடங்கோ!"

இது ஒத்திகையில் இல்லாதது. ஆனால் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு உயிருள்ள கலந்துரையாடலை அந்த முன்னறை கண்டதில்லை. நாற்காலிக்காரர் வாயைப் பிளந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்தி நடுவில் புகுந்து இரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

"நல்லாப் பேசறாங்கங்க!" என்றார் வந்தவர். "இவங்கெல்லாம் முன்னாடி கைநாட்டுங்களா?"

"சுத்தக் கைநாட்டு சார்! அதோ அந்த மாமி... அந்த அம்மா வரச்சே வாயே திறக்கமாட்டா. இப்போ பார்த்தேளோல்லியோ!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு நம்பிக்கை வந்திருச்சுங்க" என்று எழுந்து சேஷனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சேஷனுக்கு நெஞ்சிலிருந்து சில்சார் இறங்கிப் போயிற்று. கதவிடுக்கில் நின்ற ஜலஜா காப்பி கலக்க ஓடினாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் சேஷன் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"சார், இன்னிக்கு இவாளுக்கெல்லாம் மறக்க முடியாத நாள். உங்க திருக்கையால போர்டுல ஏதாவது ஒரு வார்த்தை எழுதணும்."

வந்தவர் சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூச்சத்தோடு அதைச் சேஷன் கையிலேயே வைத்துவிட்டு, வைத்திக்குப் பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அதைக் கத்துக்கத்தானுங்க நான் வந்ததே!"