முதல் ரசிகர்

இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அரங்கில் அதுவரை ஒரே ஒரு சிரிப்புதான் கேட்டிருந்தது. அதுவும் யாரோ கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்தது.

கடைசி வரிசையில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் படத்தின் வசனகர்த்தா. அடிதடியும் சிரிப்பும் கலந்த படம். கதாநாயகன் ஒரு குத்து விட்டால் ஒரு ஜோக் சொல்வான். நாற்பது அடியாட்கள், நாற்பது ஜோக். நாற்பதும் இவர் பெற்ற பிள்ளைகள்.

சண்டை உச்சத்தில் இருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட்டார். ஜோக் வந்தபோது ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அதற்காவது ஏதோ புரிந்திருக்கிறதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

இந்தப் படம் ஓடினால் அடுத்த படமும் உனக்குத்தான் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் போன மாதம்தான் உதறியிருந்தார்.

அதைவிட அவரை உறுத்தியது, முன்வரிசையில் சிரிக்காமல் இருந்த சலூன்காரர்தான்.

ஒவ்வொரு ஜோக்கையும் முதலில் கேட்டவர் அவர்தான். வாராவாரம் சவரத்துக்கு உட்கார்ந்ததுமே இவர் ஆரம்பித்துவிடுவார். அவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அத்தனை சிரிப்பிலும் கத்தி பிடித்த கை மட்டும் இம்மிகூட அசையாது. என்ன ஒரு கைத்தேர்ச்சி என்று வசனகர்த்தா வியந்துபோவார். அவர் சிரித்தால் ஜோக் படத்துக்குள் போகும். இப்படித்தான் நாற்பதும் போயின.

வீட்டில் மனைவி முகத்தைச் சுளித்தால், ரசனை வேண்டுமென்றால் சலூன் அண்ணனிடம் போய்க் கற்றுக்கொள் என்பார்.

அந்த நன்றிக்காகத்தான் இன்று அரை நாள் கடையைப் பூட்ட வைத்து அவரை அழைத்து வந்திருந்தார். அந்த அண்ணனோ, பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு எரிந்ததும் வசனகர்த்தா நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"என்னண்ணே, ஒண்ணுக்குக்கூட சிரிக்கல?"

சலூன்காரர் நெளிந்தார். சண்டையெல்லாம் பிரமாதம், கதாநாயகன் சட்டை நல்ல நிறம், இருக்கைகூட மெத்தென்று இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

"கடையில அப்படிச் சிரிச்சீங்களே. அதே ஜோக்குதானே? அப்போ அதெல்லாம் நடிப்பா?"

சலூன்காரர் அவர் காதுப் பக்கம் விரலை நீட்டினார்.

"தம்பி, உங்க காதுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கே. எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

வசனகர்த்தா தடவிப் பார்த்தார். போன வருஷம் ஒரு நாள் அண்ணனுக்குக் கை தவறிவிட்டது. இவரும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார்.

"நீங்க மொத மொத ஜோக் சொன்ன நாள் அது. எனக்குச் சிரிப்பு வரல. 'புரியலையாண்ணே'ன்னு சட்டுனு கழுத்தைத் திருப்பிட்டீங்க."

வசனகர்த்தாவின் கை தழும்பிலேயே நின்றது.

"அதுக்கப்புறம் நீங்க வாயைத் திறந்தாலே நான் சிரிச்சிடுவேன். உங்க கழுத்து முக்கியம் இல்லையா?" சலூன்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்குத்தான் தம்பி, கையில கத்தி இல்லாம உங்க ஜோக்கைக் கேக்குறேன்."