நாலு மணிக்கு இருட்டும் ஊர்

மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகச் சொல்லித்தான் என் மகன் ரிஷபன் லண்டனுக்கு டிக்கெட் எடுத்திருந்தான். இருபத்திரண்டே நாளில் செஞ்சிக்குத் திரும்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஆரோக்கியம்தான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனாரே, அதுக்குள்ள வந்துட்டீங்க? ஊரு எப்படி இருக்குது?"

"ஊரா அது? எல்லாம் ஓடுது. படிக்கட்டே ஓடுது. அது மேலயும் ஏறி ஜனங்க ஓடுது. ரயில்ல ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்ல. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிப்போகுது."

"மருமவ நல்லா பாத்துக்கிச்சா?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ரிஷபன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அருள்ஜோதியைக் கட்டிக்கொண்டான். அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"எங்கள மாதிரி சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணுன்னுதானே?" என்றாள் ஆரோக்கியம். "நான் போடற டீ மட்டும் உள்ள எறங்குதா?"

"மதமெல்லாம் இல்ல. சொல்லாம பண்ணாங்க பாரு, அது."

"அப்போ அங்க சோத்துக்கு?"

"ரிஷபன் ஆக்கி வெச்சிட்டுப் போவான். 'நைனா, உனக்கு நானே ஆக்கறேன்'னு ஏர்போர்ட்லயே சொல்லிட்டான். காலைல ஏழு மணிக்கு வேலைக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வருவான். பாவம், காலைல கெளம்பறதுக்குள்ளயே ஆக்கிடுவான்."

இருட்டினபின் சாப்பிடாத ஜைனக் குடும்பம் எங்களுடையது. அந்த ஊரில் மூன்றரை மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டேன்.

"அவளும் ஓட்டந்தான். பக்கத்துத் தெருவுல மருந்துக்கடைல வேலை. தெனமும் மூணு மணிக்கு ஓடியாருவா. உள்ள வரும்போதே மூச்சு வாங்கும். நான் எழுந்து ரூமுக்குப் போய்க் கதவ சாத்திக்குவேன். அரை மணி நேரம் எதையோ உருட்டிட்டு, மறுபடியும் ஓடிடுவா. கெழவன் சாப்டானான்னு ஒரு நாள் கேட்டதில்ல."

"கதவ சாத்திக்கிட்டா செவுத்தையா கேக்கும்?"

"நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத. இருவத்திரண்டு நாளும் சொன்ன சொல்ல காப்பாத்திட்டுத்தான் வந்தேன். பொங்கலுக்கு ரெண்டு பேரும் வரேன்றாங்க. இன்னிக்கு ரிஷபன் போன் பண்ணுவான். அவ என் வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லிடப் போறேன்."

"அது உங்க இஷ்டம். புள்ள சமையலு நல்லா இருந்துச்சா?"

"அப்படியே எங்க வீட்டுப் பக்குவம். வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, கெழங்கு இல்ல. அவ போனதும் வெளிய வருவேன். மேசை மேல தட்டு போட்டு மூடியிருக்கும். தொறந்தா சோத்துல ஆவி பறக்கும். ரசம் நாக்க சுட்டுடும்."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஆரோக்கியத்தின் கை நின்றது.

"காலைல ஏழு மணிக்கு வெச்ச ரசமா?"

கேட்டுவிட்டு அவள் அடுத்த ஆளுக்கு டீயை நீட்டினாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மூன்றாவது மணியில்தான் எடுத்தேன்.

"நைனா, பொங்கலுக்கு வரலாமா? நீ வேணாம்னா நான் மட்டும் வரேன்."

மணி நாலு. எதிரே ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் வாங்க. அருள்ஜோதிகிட்ட ஒண்ணு சொல்லு."

"இன்னா நைனா?"

"இங்க ஆறு மணிக்குத்தான் பொழுது சாயும். ஓட வேணாம்னு சொல்லு."