பன்னிரண்டாவது படம்

மெல்பேர்னுக்கு வந்த நாலு வருடத்தில் வரதராஜா வாங்கிச் சேர்த்த பழைய ஆங்கிலேயப் பிரபுக்களின் கறுப்பு மெசோடின்ட் அச்சுப் படங்கள், 1975இல் பதினொன்றாகிவிட்டன. மனைவி யோகாவுக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளைக்காரனைக் கப்பலேத்தினது, இஞ்ச கொண்டுவந்து சுவரில மாட்டவோ?"

"ஒராளுக்கு மூக்குச் சரி, மற்றாளுக்கு நெத்தி சரி" என்று மட்டும் வரதராஜா சொல்வார்.

ஒருநாள் ஏலக்கடையிலிருந்து இன்னொரு படத்தோடு வந்தார்.

"இனி வாங்கமாட்டன், யோகா."

படத்தில் யாரோ ஒரு ஆங்கிலேய நீதிபதி. திட்ட வாயெடுத்தவள், மையில் தோய்ந்த அந்தக் கரிய முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஐயோ, எங்கட மாமா!"

"ஓம். அப்பா ஒரு போட்டோவுக்கும் நிக்காமலே போய்ச் சேர்ந்திட்டார்."

யோகா படத்தைச் சாமியறைக்குக் கொண்டுபோய், நீதிபதியின் நெற்றியில் படச்சட்டக் கண்ணாடியின் மேலாக விபூதி பூசினாள்.