பேட்டரி வாங்கப் போனவர்

"அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க" என்று மகள் சொன்னதும், அப்பா எழுந்து கடைக்குப் போய் பேட்டரி வாங்கி வந்தார்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த சேதி. போனில் சொல்லக் கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவளிடமும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

அப்பா "சரிம்மா" என்றார். உள்ளே போனார். சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து விரலைக் குத்திக்கொண்டார். இன்னொரு விரலையும் குத்திக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வந்ததும் புதுப் பேட்டரியைப் போட்டு, மறுபடியும் ஒரு குத்து.

அவ்வளவுதான். ஒரு சிரிப்பு, ஒரு நல்ல வார்த்தை? மூச்!

மகள் மழலையர் பள்ளி டீச்சர். ஒரு குழந்தை கோணல்மாணலாகக் கோடு கிழித்தாலே கைதட்டிக் கொண்டாடுகிற உத்தியோகம். அவளுக்கு வாய்த்த அப்பாவோ லிப்ட் மெக்கானிக். லிப்ட் ஓடினாலும் அதே முகம், நடுவில் நின்றாலும் அதே முகம். சின்ன வயசிலிருந்தே சர்க்கரை வியாதி, தினமும் ஊசி. பாவம், உடம்பு முடியாத மனுஷன் என்றுதான் இத்தனை நாளும் பொறுத்துப் போனாள். இந்த முறை அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று.

குழந்தை பிறப்பதற்குள் அவளும் கணவனும் அப்பா வீட்டு மாடிக்கே குடிவந்துவிடுவதாக ஏற்பாடு. வீடு திரும்பியதும் கணவனிடம் அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

"மாடி வேண்டாம், வேற வீடு பாருங்க. சிரிக்கவே தெரியாத மனுஷன்கிட்ட என் குழந்தை வளர வேண்டாம்."

அவன் நல்லவன். ஏன் எதற்கு என்று கேட்காமல் புரோக்கரிடம் அவள் நம்பரைக் கொடுத்துச் சொல்லி வைத்தான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வரும் வழியில் போட்டு உடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு. ரொம்ப வருஷமாக நோயோடு இருப்பவர்களுக்குத் தங்கள் மனசில் ஓடுவது இன்னதென்று அடையாளம் தெரிகிறதா என்று மனநல ஆலோசகர் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்குள் ஒரு திருப்தி. வெளி மனுஷி முன்னால் இவர் வண்டவாளம் தெரியட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வந்திருப்பது கோபமா, வருத்தமா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா என்று ஆலோசகர் கேட்டார்.

"அதெல்லாம் என் சம்சாரம் சொல்லுவா, மேடம். 'இப்ப எதுக்குக் கோபம்'னு அவ கேட்டாத்தான் எனக்கே தெரியும்."

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சா என்ன நினைப்பீங்க?"

"சர்க்கரை இறங்கிடுச்சுன்னு நினைப்பேன். இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும். உடனே மெஷின்ல பார்த்துடுவேன்."

"பார்க்கும்போது சர்க்கரை சரியா இருந்தா?"

அப்பா மகள் பக்கம் கையைக் காட்டினார்.

"போன வாரம் அப்படித்தான் ஆச்சு, மேடம். இவ வந்து குழந்தை விஷயம் சொன்னா. சொன்ன உடனே கை கால் எல்லாம் உதறுது. தொண்டை அடைச்சு, 'சரிம்மா'வுக்கு மேல பேச்சே வரலை. இவ முன்னாடி மயங்கி விழுந்துடக் கூடாதேன்னு உள்ளே ஓடினேன். மெஷின் எல்லாம் சரியா இருக்குங்குது. விரலை மாத்திக் குத்தினேன், அப்பவும் சரிங்குது. எங்க தொழில்ல எது மக்கர் பண்ணினாலும் முதல்ல கரண்ட்டைத்தான் பார்ப்போம். இதுக்குக் கரண்ட்டுன்னா பேட்டரிதானே? அதையும் மாத்திட்டேன். உடம்பு இந்த ஆட்டம் ஆடுது, மெஷின் ஒண்ணுமே இல்லைங்குது. நல்ல மெஷினா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. உங்களுக்கு வந்தது சந்தோஷம்."

"இவ்வளவா?" என்றார் அப்பா, நம்பாமல்.

மகளுக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் புரோக்கர் போன் செய்தார். வீடு வேண்டாம், நல்ல இடமாகக் கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீ பொறந்த அன்னைக்கும் எனக்குச் சர்க்கரை இறங்கலையாம்மா? உன்னைக் கையில வாங்கினதும் இதே உதறல். அப்பல்லாம் மெஷின் ஏது? பயந்துபோய் ரெண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடிச்சு, சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறிப்போய், உங்கம்மாவுக்குப் பக்கத்து வார்டுல நானும் மூணு நாள் படுத்துக் கிடந்தேன்."